ஐந்து யூரோ செர்ரியும் ஒரு டப்பா மாவும்: நார்வேயில் பன்னிரண்டு நாள்

எங்கள் வாடகை வேனின் நீளம் 5.99 மீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டர் குறைச்சலுக்குக் காரணம் இருக்கிறது. பல ஃபெர்ரிகளில் ஆறு மீட்டரைத் தாண்டினால் அடுத்த கட்டண வகுப்பு. வேனை நார்வேயில் எடுத்தால் வாடகையே கண்ணைக் கட்டியது. அதனால் நாங்கள் இருக்கும் ஹாம்பர்க்கிலேயே எடுத்து, டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் வரை ஓட்டி, அங்கிருந்து கப்பலில் கிறிஸ்டியான்சாண்ட் போய் இறங்கினோம்.

வேன் வாடகையும் கப்பலும் தனிக் கணக்கு. மற்ற எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அறுபது யூரோ என்று கணவர் ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். எனவே அரிசி, பருப்பு, புளி, ரசப்பொடி, உறைய வைத்த தோசை மாவு எல்லாம் வீட்டிலிருந்தே ஏறின. உருளைக்கிழங்கு மட்டும் இறங்கியது. மற்ற காய்களைப் பத்து கிலோ வரை கொண்டு போக விடுகிற நார்வே சுங்கம், உருளைக்கிழங்கை மட்டும் விடுவதில்லை. செடிநோய் பயம்.

நார்வேயில் எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. 'அல்லெமான்ஸ்ரெட்டன்' என்கிற பொது உரிமையை 1957-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. ஆனால் அது நடந்து போகிறவனுக்கும் கூடாரம் போடுகிறவனுக்கும் உரியது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை தங்கலாம். வேனைக் காட்டுக்குள் இறக்க அதில் இடமில்லை. தடைப் பலகை இல்லாத சாலையோர ஒதுக்கிடங்களில் நிறுத்தலாம், அவ்வளவுதான். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. சேத்தெஸ்டால் பள்ளத்தாக்கில் முதல் இரண்டு இரவும் ஆற்றங்கரையில், காசில்லாமல்.

மூன்றாம் நாள் தலைக்குக் குளிக்க வேண்டியிருந்ததால் ஒரு முகாமில் தங்கினோம். அங்கே ஷவருக்குப் பத்து குரோனர் நாணயம் போட வேண்டும். இந்த நாட்டில் எங்கே போனாலும் கார்டுதான், நாணயத்துக்கு எங்கே போவது? நல்லவேளை, அதற்கு முந்தின நாள் காலி பாட்டில்களைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தோம். பாட்டிலுக்கு இரண்டு, மூன்று குரோனர் திரும்பத் தருவார்கள். அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுத்துச் சில்லறையாக வாங்கியிருந்தார் இவர். ஒரு நாணயம் போட்டேன். தலையில் ஷாம்பு நுரை இருக்கும்போதே தண்ணீர் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே கையை நீட்டி, "இன்னொண்ணு குடுங்க!" என்று நான் கத்தியது பக்கத்துக் கூடாரத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். இருந்த சில்லறை அங்கேயே தீர்ந்தது.

மறுநாள் லோத்தெஃபோசென். இரட்டை அருவி. 165 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, நாம் ஓட்டிப் போகிற கல் பாலத்துக்கு அடியிலேயே பாய்கிறது. வைப்பர் போட்டுத்தான் கடந்தோம். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது.

ஓடா ஊரைத் தாண்டி சோர்ஃபியோர்ட் என்கிற கடற்கழியின் ஓரமாக லோஃப்ட்ஹூஸ் நோக்கிப் போகையில் சாலை முழுக்கப் பழத்தோட்டம். ஜூலைக் கடைசி, செர்ரிக் காலம். ஒரு வீட்டு வாசலில் சின்ன மர அலமாரி, அதில் டப்பா டப்பாவாகக் கறுஞ்சிவப்புச் செர்ரி. ஆள் இல்லை. விலை அறுபது குரோனர் என்று ஓர் அட்டை, கீழே 'விப்ஸ்' எண். விப்ஸ் என்பது அவர்கள் ஊர் கூகுள் பே மாதிரி. எங்கள் ஜெர்மன் வங்கிக் கணக்கில் அது வேலை செய்யாது. பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பாவும் இருந்தது, எங்களிடம்தான் குரோனர் இல்லை. வீட்டுக் கதவைத் தட்டினோம், யாரும் வரவில்லை. பத்து நிமிடம் அந்தப் பழத்தைப் பார்த்தபடியே நின்றோம். கடைசியில் கைப்பையின் அடியில் ஓர் ஐந்து யூரோ நோட்டு கிடைத்தது. கணக்குப் போட்டால் இரண்டு, மூன்று குரோனர் குறையும். பரவாயில்லை என்று மடித்துப் போட்டுவிட்டு, திருடர்கள் போல வண்டியைக் கிளப்பினோம். செர்ரி கொட்டைப்பாக்கு அளவு, கடித்தால் கை வரை சாறு.

இதற்கிடையில் தோசை மாவு ஒரு பிரச்சினை. உறைந்திருந்தது இளகிவிட்டது, ஆனால் அந்தக் குளிரில் புளிப்பேனா என்றது. என் காலடியில் ஹீட்டர் காற்று படுகிற இடத்தில் வைத்தேன். அப்புறம் ஹார்டாங்கர் பாலம் தாண்டி, வோஸ் தாண்டி, அவுர்லாந்தில் மலையேறினோம். ஸ்டேகஸ்டைன் காட்சி மேடைக்குப் போகிற வளைவுகளில் எதிரே சுற்றுலாப் பேருந்து வந்து இவர் பிரேக் அடித்ததும் மூடி கழன்றது. பொங்கிய மாவு என் செருப்பெல்லாம்! இவர் சிரித்த சிரிப்பில் பேருந்து ஓட்டுநரும் சிரித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

அந்தச் சாலை சுமார் 1,300 மீட்டர் உயரம் வரை போகிறது. பனிச் சாலை என்றே பெயர். ஜூலையிலும் ஓரங்களில் அழுக்குப் பனி மிச்சம் இருந்தது. மேலே ஓர் ஒதுக்கிடத்தில் நிறுத்தினோம். இரவு பதினோரு மணிக்கும் விளக்கில்லாமல் நோட்டில் கணக்கு எழுத முடிந்தது. காலையில் கதவைத் திறந்து வைத்துத் தோசை சுட்டேன். சுற்றிலும் பாறை, பனி, ஏதோ ஓர் ஆட்டின் கழுத்து மணி. தோசைக்கல் சூடேறவே கால் மணி நேரம் ஆனது. முதல் தோசை வழக்கம்போல் பிய்ந்தது.

திரும்பும்போது அதே மலையை அடியால் கடந்தோம். லார்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம், 2000-இல் திறந்தது. ஓட்டுகிறவர் கண் அசராமல் இருக்க நடுவில் மூன்று இடங்களில் பெரிய குகைகள் குடைந்து நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். இருபது நிமிடம், கட்டணம் இல்லை. எனக்கு மேலே போன சாலைதான் பிடித்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு யூரோ. இவர் நண்பர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். ஆறு வாரம் கழித்துத் தபாலில் சுங்கச்சாலை பில் வந்தது. நாங்கள் கவனிக்காத கேமராக்கள் ஒவ்வொன்றும் எங்களைக் கவனித்திருக்கின்றன. அதையும் கூட்டி அறுபத்திரண்டு என்று திருத்தினேன். இவர் இன்னும் ஐம்பத்தெட்டு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.