கடைசியாகக் கூப்பிடுகிற ஆள்

கட்டடத்தைச் சுற்றியுள்ள வெளியிடத்தை வடிவமைக்கிற லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் ஒருவர் தொழிலில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள விசிட்டிங் கார்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கட்டட வேலையில் அவரை எப்போது கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாலே போதும். அஸ்திவாரம், ஸ்லாப், பூச்சு, பெயின்ட் எல்லாம் முடிந்தபிறகு "மிச்ச இடத்துல ஏதாவது பசுமையா பண்ணிக் கொடுங்க" என்று அழைப்பு வந்தால் அவர் இன்னும் கீழ்ப்படியில்தான் இருக்கிறார். மனையில் எல்லைக்கல் மட்டும் இருக்கும்போதே அழைப்பு வந்தால் மேலே வந்துவிட்டார். டிசைனர், சீனியர் டிசைனர், அசோசியேட் என்கிற பெயர்களுக்கு அலுவலகத்துக்கு அலுவலகம் அர்த்தம் மாறும்.

சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேசைக்கு வந்தவை அந்த மிச்ச இடங்கள்தான். மதில் சுவருக்கும் கார் போகிற பாதைக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலப் பட்டை. அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சம்ப் மூடி, ஜெனரேட்டர், வரிசையாகக் கழிவுநீர் சேம்பர்கள். இவற்றை மறைக்கச் செடி வேண்டும். ஆனால் பராமரிக்க ஆள் போகவும் வழி வேண்டும். வரைபடம் போடுகிற ஆட்டோகேட் மென்பொருளில் செடிகளுக்கான பச்சை வட்டங்களை நகர்த்தி நகர்த்தி வைப்பதுதான் வேலை. கல்லூரியில் நதிக்கரைகளை மீட்டெடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனாலும் குழாயும் சேம்பரும் எங்கே போகின்றன, ஏன் அங்கே போகின்றன என்பது இந்த வேலையில்தான் மனதில் பதிகிறது.

இந்தத் தொழில் என்றால் செடிகளின் பெயர் தெரிவது என்று வெளியே நினைக்கிறார்கள். உள்ளே வருகிற இளைஞர்களும் அப்படித்தான் தயாராகி வருகிறார்கள். சைட்டில் யாரும் செடியின் பெயரைக் கேட்பதில்லை. மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வி, "மேடம், வாட்டம் எந்தப் பக்கம்?" தண்ணீர் வடிய தரை எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று கேட்கிறார். இதற்கு உடனே பதில் சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் அவர் நம்மை எடைபோடுகிறார். அப்புறம் மற்ற பேச்சு.

அந்தக் கேள்விக்குள் நிறைய இருக்கிறது. சென்னை சமதளம். கட்டடத்தின் தரைமட்டம், வெளியே தெருவின் மட்டம், மழைநீர் வடிகாலின் அடிமட்டம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். இந்த மூன்றுக்கும் நடுவில் கிடைக்கிற சில அங்குலங்களில்தான் நம் வேலை முழுவதும். கல் பதித்த நடைபாதைக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வாட்டமாவது வேண்டும். புல்தரைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். சக்கர நாற்காலிச் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. போதாததற்கு, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகும். இன்று வெளியே வழிகிற தண்ணீர் சில வருடங்களில் உள்ளே திரும்பி வரும். இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து வரைபடத்தில் புள்ளி புள்ளியாக மட்டம் குறிப்பது அலுப்பான வேலை. கட்டி முடித்த இடம் போலவே கணினியில் தீட்டுகிற ரெண்டர் படம் மாதிரி யாரும் அதைப் பாராட்ட மாட்டார்கள். என் கணிப்பில், ஒரு ஜூனியரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஒரு வரைபடம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த அலுப்பான வரைபடத்துக்கு மதிப்பு வந்தது. தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல இடங்களில் அது அனுமதிக்காகத் தோண்டிய குழியோடு நின்றுபோயிருந்தது. வடகிழக்குப் பருவமழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடக்கூடியது. பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றதைப் பார்த்த உரிமையாளர்கள், "எந்தச் செடி வைப்பீர்கள்" என்பதற்கு முன்னால் "தண்ணி எங்க போகும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதைச் சொல்லக்கூடியவரைக் கட்டடம் முடிந்தபிறகு கூப்பிட்டுப் பயனில்லை என்பதும் சிலருக்குப் புரிந்தது.

என்னைப் பொறுத்தவரை, திட்டக் கூட்டங்களில் இடம் கிடைக்க வைத்தது போடியம், அதாவது பேஸ்மென்ட்டுக்கு மேலே வருகிற தளம்தான். இப்போது பெரிய அடுக்குமாடித் திட்டங்களில் தோட்டம் நிலத்தின்மேல் இல்லை, பேஸ்மென்ட் கூரையின்மேல் இருக்கிறது. நனைந்த மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. புல்லுக்கு ஓரடி மண் போதும்; நடுத்தர உயர மரம் என்றால் நாலடியாவது வேண்டும். இதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூண்களையும் உத்தரங்களையும் கணக்குப் போடும்போதே சொல்லியாக வேண்டும். ஸ்லாப் போட்டபிறகு மரம் கேட்டால், தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிற தொட்டிதான் கிடைக்கும். தீயணைப்பு வண்டிக்கு 6 மீட்டர் அகலப் பாதையும் 9 மீட்டர் திருப்ப ஆரமும் விட வேண்டும். அது பெரும்பாலும் நாம் மரக்கூட்டம் வரைந்த இடத்திலேயே வந்து விழும். இன்ஜினியர் தூண்களுக்கு நடுவிலுள்ள ஒரு கட்டத்தைக் காட்டி "இந்த கிரிட்டில் எத்தனை அடி மண்?" என்று கேட்கும்போது "அழகா ஒரு தோப்பு மாதிரி" என்று பதில் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராது. எடையை எண்ணில் சொன்னால் வரும். மரங்களைத் தூண் தலைகளுக்கு மேலே கொண்டுவருகிறோம், நடுவில் புல் மட்டும் என்று நாமே முன்வந்து சொன்னால், அடுத்த திட்டத்தில் அவரே நம் பெயரைச் சொல்வார். எனக்கு வந்த நல்ல வேலைகளில் பலவும் ஆர்கிடெக்ட்டுகள் மூலம் வந்தவை அல்ல. இன்ஜினியர்கள் சொல்லி வந்தவை.

செடி அறிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு இடத்திலிருந்து வருகிறது. கட்டட இடிபாடும் சிமென்ட்டும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். அங்கே நட்ட இட்லிப்பூச் செடி நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சளாக நிற்கும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. உரம் போட்டுப் போட்டு ஓய்ந்துபோன தோட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிற மரக்கன்று பார்க்க ஆளுயரம் இருக்கும். பையைக் கிழித்தால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறாகியிருக்கும். அதை அப்படியே நட்டால் வருடங்கள் கழித்து ஒரு புயலில் பதில் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் விழுந்து கிடந்த தெருக்களில் நடந்து, எதன் வேர் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கு அது ஒரு செமஸ்டருக்குச் சமம். கடலோரத்தில் உப்பு நீரைத் தாங்க புன்னை, பூவரசு என்று நான் இப்போது தயங்காமல் எழுதுவது, முடித்துக் கொடுத்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததால்தான். அந்தப் பயணத்துக்கு எந்த அலுவலகமும் நேரம் ஒதுக்காது. சனிக்கிழமைகளில் போக வேண்டியதுதான்.

படிப்பு, பதிவு பற்றியும் கேட்பார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஆர்கிடெக்ட் என்ற பெயரைத்தான் பாதுகாக்கிறது. லேண்ட்ஸ்கேப்புக்குத் தனிப் பதிவு கிடையாது. கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். முடித்துவிட்டு முதுகலையில் இதைப் படிப்பதுதான் வழக்கமான பாதை. 2003இல் தொடங்கிய இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட்டுகள் சங்கம் இருக்கிறது. அமெரிக்காவில் நாலு பகுதித் தேர்வு எழுதி உரிமம் வாங்குவது மாதிரி இங்கே ஒரு வாசல் இல்லாததால், நர்சரி வைத்திருப்பவரும் அதே போர்டை மாட்டிக்கொள்ளலாம். அவரோடு விலையில் போட்டி போட்டால் தோற்போம். சிங்கப்பூர், வளைகுடா என்று போய்விட்ட என் வகுப்புத் தோழர்களுக்குச் சம்பளம் நன்றாகவே இருக்கிறது. அங்கே திட்டத்தின் தொடக்கத்திலேயே கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் அவர்கள் சம்பளத்தைவிடப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் போர்ட்ஃபோலியோவின் பளபளப்பான பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன். நட்ட அன்றே இருபது வயது ஆலமரம் நிழல் தருகிற ரெண்டர்களை இப்போது யாரும் செய்துவிடலாம். மட்ட வரைபடம் ஒன்றையும், பொருள்களின் அளவையும் விலையையும் பட்டியலிடுகிற ஒரு பி.ஓ.க்யூ.வையும் காட்டச் சொல்வேன். பட்ஜெட் இடிக்கும்போது முதல் வெட்டு நமக்குத்தான் விழும். மரத்தின் சுற்றளவைக் குறைக்கலாம், பிறகு அது வளரும். வடிகால் அடுக்கையும் வாட்டர்ப்ரூஃபிங்கையும் குறைக்கக் கூடாது. எதை விட்டுக்கொடுப்பது என்று தெரியாத ஜூனியர் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டு எல்லாவற்றையும் இழந்துவிட்டு வருவார்.

சரி, முன்கூட்டியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்களே, அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. கட்டணம் இன்னும் பழைய வரிசையில்தான் இருக்கிறது. செடி நடுகிறபோதுதான் நம் பில்லின் பெரும்பகுதி பாஸாகும். அதற்குள் மூன்று நான்கு வருடங்கள் ஓடிவிடும், சில திட்டங்கள் பாதியில் நின்றும் போகும். "இன்னும் ஒரு செடிகூட வைக்கலையே மேடம், இப்பவே எதுக்கு பில்?" என்று நேராகவே கேட்கிறார்கள். இப்போதெல்லாம் மட்ட வரைபடமும் மண் எடைக் கணக்கும் கொடுத்தவுடன் கணிசமான ஒரு பங்கு தர வேண்டும் என்று கட்டணக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். சிலர் கையெழுத்துப் போடுகிறார்கள். மற்றவர்களோடு பேச்சு நடக்கிறது.