மறுபடியும் முதல் பாடம்

ஜூன் 2, திங்கள்

ஜப்பானிய மொழி மாதிரித் தேர்வில் 180க்கு 92. தேர்ச்சிக்கு 80 போதும். ஆனாலும் ஃபெயில்தான். கேட்டல் பகுதியில் மட்டும் தனியாக 60க்கு 19 எடுத்தாக வேண்டும். நான் எடுத்தது 16. ஜேஎல்பிடி என்ற இந்தத் தேர்வில் இருக்கும் ஐந்து படிகளில் அடிப்படி இந்த என்5. அதிலேயே வழுக்கியாயிற்று.

அசல் தேர்வு ஜூலை 6. "புதுசா எதுவும் படிக்காதீங்க, முதல் பாடத்துலேருந்து திரும்பப் பாருங்க" என்றார் சென்செய், எங்கள் ஆசிரியர். புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்து ஓரத்தில் என் கையெழுத்து: "தமிழ் மாதிரியேதான். ஈஸி." அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

ஜப்பானிய அடிப்படை எழுத்துகளான ஹிரகானா 46ஐயும் பார்க்காமல் எழுதினேன். 'நு'வும் 'மெ'யும் இன்னும் குழப்புகின்றன. நு என்றால் வாலில் ஒரு சுழி, மெ என்றால் சுழி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம், அதற்கு ஒரு பக்கம் தீர்ந்தது.

நாலாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஒண்ணாங்கிளாஸா?" வரிசையைச் சத்தமாகச் சொல்லிக் காட்டினேன்: அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. "இது எங்க க ங ச தானே, நடுவுல பல்லு விழுந்துருக்கு" என்றாள். சரிதான். ங, ஞ, ட, ண, ல இவற்றை எடுத்துவிட்டால் வ வரைக்கும் நம் வரிசையேதான். ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ நிற்கிறது. அதுவும் பழைய காலத்தில் ப என்றே ஒலித்ததாம். சமஸ்கிருத ஒலிகளைப் படித்த பௌத்த பிக்குகள் வழியாக அங்கே போன வரிசை இது.

இதைச் சொன்னால் சித்தப்பா உடனே வாட்ஸப்பில் ஆரம்பித்துவிடுவார். ஓனோ சுசுமு என்ற ஜப்பானியப் பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதியது உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவது பாதியை அவர் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று யோகா. ஆசனம் இல்லை, எட்டாம் தேதி. நான்காம் தேதி என்றால் யொக்கா. குறில் நெடிலோடு வளர்ந்தவன் நான். ஒபசான் அத்தை, ஒபாசான் பாட்டி என்பதில் ஒருநாளும் தடுமாறியதில்லை. கிதெ என்றால் 'வா', கித்தெ என்றால் தபால்தலை, அதிலும் பிரச்சினை இல்லை. ஆனால் யொக்காவும் யோகாவும் வேகமாக வரும்போது காது கைவிடுகிறது. நம் யோகாவில் க மெலிந்து வரும், அவர்களுடையதில் வலிந்தே வரும். என் காது மெலிந்த க வருமென்று காத்திருக்கிறது, அது வருவதே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

வகுப்பில் மானம் போயிற்று. "இன்றைக்கு வானிலை நன்றாக இருக்கிறது, இல்லையா?" என்று சொல்ல வேண்டும். என் நோட்டில் வானிலைக்கும் 'தென்கி', மின்சாரத்துக்கும் 'தென்கி'. தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்ததன் பலன். ஹிரகானாவில் எழுத்தின் தலைமாட்டில் இரண்டு சின்னக் கோடு போட்டால் வலிந்த த மெலிந்துவிடும். நம்மிடம் அந்தக் கோடு கிடையாது. "இன்றைக்குக் கரண்ட் நன்றாக இருக்கிறது, இல்லையா?" என்று சொல்லி வைத்தேன். போன மாதம் எங்கள் தெருவில் இருந்த நிலைக்கு அதுவும் நியாயமான பேச்சுதான். இனிமேல் நோட்டில் ஹிரகானா மட்டும்.

ஜூன் 18, புதன்

நி, தெ. மூன்று மணி நேரம் இதிலேயே போயிற்று.

நமக்கு இரண்டுக்கும் ஒரே 'இல்'. ஸ்டேஷனில் இருக்கிறேன்: எகி நி இமாசு. ஸ்டேஷனில் காத்திருக்கிறேன்: எகி தெ மத்தெ இமாசு. ஒன்று இருக்கும் இடம் நி, ஒரு செயல் நடக்கும் இடம் தெ. விதி எனக்கு மனப்பாடம். ஆனாலும் காத்திருப்பதற்கு நி என்றே எழுதியிருக்கிறேன், நான்கு தடவை. ஏன் என்று இன்றுதான் புரிந்தது. காத்திருப்பதில் ஓர் 'இரு' ஒளிந்திருக்கிறது. சும்மா நிற்பதுதானே, இதில் என்ன செயல் என்று தமிழ் மனசு நினைத்துக்கொள்கிறது. ஜப்பானியருக்கு அது செயல்.

நண்பனைச் சந்திக்கிறேன் என்பதில் ஐ இருக்கிறதே என்று அதற்கு ஈடான 'ஒ' போட்டால் தப்பு. தொமொதச்சி நி ஐமாசு. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு 'ஒ'. 'பஸ்ஸை விட்டு இறங்கு' என்று நினைத்தால் சரியாக வருகிறது. ஆக, எந்தத் தமிழை நினைக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

ஜூன் 21, சனி

கொரெ, சொரெ, அரெ. இது, அது, அதற்கப்புறம்? எனக்கு எப்போதும் சொரெதான் உதைக்கும். கேட்பவர் பக்கத்தில் இருப்பது சொரெ. வகுப்பில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். "இதில என்ன கஷ்டம்? உங்கட கையில இருக்கிறது உது" என்றார். இது, உது, அது. மூன்றும் பொருந்தி உட்கார்ந்தன. நாம் தொலைத்ததை அவர்கள் வீட்டில் தினமும் புழங்குகிறார்கள்.

ஜூன் 27, வெள்ளி

வினைச்சொல் 'தெ'யில் முடியும் வடிவம், நம் 'செய்து' மாதிரி. தபெதெ மிமாசு என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். மிரு என்றாலே பார். கத்தெ ஒகு என்றால் வாங்கி வை. இதற்கு மட்டும் முதல் பக்கத்துக் குறிப்பு செல்லும்.

ஜூலை 5, சனி

அனுமதிச் சீட்டு, எச்பி பென்சில் இரண்டு, ரப்பர். நேற்றுப் போட்ட மாதிரித் தேர்வில் கேட்டலுக்கு 27.

நாளை படியிறங்கும்போது சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்: இத்தெ கிமாசு. அப்படியென்றால் என்ன என்று கேட்டார். போய் வருகிறேன் என்று அர்த்தம் என்றேன்.

"போறேன்னு மட்டும் சொல்லாம இருந்தா சரி" என்றார்.