ரப்பரை யார் எடுத்தா?

என் அப்பாவுக்கு ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் தேட மாட்டார், கேட்பார். "யாரு எடுத்தா?" சாவியோ கண்ணாடியோ பேனாவோ, எதுவும் தானாக எங்கும் போகாது, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. நாங்கள் எல்லோரும் திருட்டுக் கேஸில் மாட்டியவர்கள் மாதிரி வரிசையாக நிற்போம். இந்தக் குணம் மட்டும் எனக்கு வரக்கூடாது என்று பத்து வயதிலேயே முடிவு செய்துவிட்டேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம், பாதி திறந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் கத்திக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "அப்படியே உங்க அப்பா."

போன வாரம் என் மகள் (ஆறு வயது) படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தரையைப் பார்க்கவில்லை, டப்பாவைத் திறக்கவில்லை. இடது கையை விரித்து உள்ளங்கையை மேலே காட்டி, "என் ரப்பரை யாரு எடுத்தா?" என்றாள். அந்தக் கை அச்சு அசல் அப்பாவின் கை.

"ரத்தத்துலயே இருக்கு, என்ன பண்றது" என்றார் மாமியார். "ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, தினமும் இவரப் பாத்துத்தானே வளருது" என்றாள் மனைவி. நூலைப் போல சேலை என்று ஒரு கட்சி, தொட்டில் பழக்கம் என்று ஒரு கட்சி. பழமொழியிலேயே நாம் இந்த வழக்கை முடிக்காமல்தான் வைத்திருக்கிறோம்.

என் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிக்கவும் முடியாது. அப்பா எனக்கு மரபணுவையும் கொடுத்தார், நான் வளர்ந்த வீட்டையும் கொடுத்தார், இரண்டும் ஒரே பொட்டலமாக வந்தது. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பொட்டலம் எங்காவது உடைந்திருக்க வேண்டும். பிறவியா வளர்ப்பா என்ற இந்த ஜோடியைப் பிரபலமாக்கியவர் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். இரட்டையர்களைப் பார்த்தால் வழி பிறக்கும் என்று 1870களிலேயே அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு கிட்டத்தட்ட முழுக்க ஒன்று, தனித்தனிக் கருவில் வந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இந்த இரண்டு வகையில் எது எவ்வளவு அதிகமாக ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டால் மரபின் பங்கைக் கணக்கு போடலாம்.

இதில் எல்லோருக்கும் தெரிந்த கதை அமெரிக்காவின் ஜிம் சகோதரர்கள். பிறந்த நான்கு வாரத்தில் பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்து 39 வயதில், 1979ல் சந்தித்தார்கள். இரண்டு பேருக்கும் முதல் மனைவி பெயர் லிண்டா, இரண்டாவது மனைவி பெயர் பெட்டி. கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் லிண்டாவைக் கட்டிக்கொள்ளச் சொல்லும் மரபணு எங்கே இருக்கிறது? ஒரே காலத்தில் ஒரே மாநிலத்தில் வளர்ந்த இரண்டு பேரைப் பிடித்து உட்காரவைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டால் ஏதாவது ஒத்துப்போகத்தான் செய்யும். எனக்கு அந்தக் கதையைவிட 2015ல் வந்த சலிப்பூட்டும் கணக்குதான் முக்கியம். ஐம்பது வருடத்து இரட்டையர் ஆய்வுகள், 2,748 கட்டுரைகள், 17,804 குணங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தார்கள். மரபின் பங்கு 49%.

பார்த்தவுடன் "சரி, பாதிக்குப் பாதி, வழக்கு முடிந்தது" என்றுதான் நானும் நினைத்தேன். மாமியாருக்குப் பாதி, மனைவிக்குப் பாதி, வீட்டில் சமாதானம். ஆனால் அந்த 49 என் மகளின் கோபத்தில் பாதி மரபில் வந்தது என்று சொல்லவில்லை. அந்த எண் ஒரு தனி ஆளைப் பற்றியதே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு, மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த அளவுக்குப் பெயர்தான் ஹெரிட்டபிலிட்டி. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பேசுபவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள், நானும் பல வருடம் விழுந்து கிடந்தேன்.

விரலை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஐந்து விரல் என்பதை மரபணுதான் தீர்மானிக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஊரில் யாருக்கு விரல் குறைவு என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் இயந்திரத்தில் கை கொடுத்தவர்களாக இருப்பார்கள். அதனால் விரல் எண்ணிக்கையின் ஹெரிட்டபிலிட்டி மிகக் குறைவாக வரும். இதற்கு நேர் எதிர், உயரம். நன்றாகச் சாப்பிடும் சமூகங்களில் உயர வித்தியாசத்தில் 80% வரை மரபு என்று சொல்கிறார்கள். அப்படியிருந்தும் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. நூறு வருடத்தில் மரபணு அவ்வளவு மாறாது. மாறியது சாப்பாடும் உடல்நலமும்.

அதாவது "மரபில் இருக்கிறது" என்றால் "மாற்ற முடியாது" என்று அர்த்தமே இல்லை. பினைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய், பெயர்தான் வாயில் நுழையாது. ஒரே ஒரு மரபணுவின் கோளாறு, அப்படியே விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் குறைவான உணவைக் கொடுத்து வந்தால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். காரணம் மரபணு, வைத்தியம் தட்டில்.

கால்டன் போன வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்று நமக்குத் தெரியும். 1883ல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே, அதன் பெயரால் பல நாடுகளில் ஆட்களைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அதனால் வளர்ப்புக் கட்சிதான் ஈரநெஞ்சுக் கட்சி என்று பலரும் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தைக்கு ஆட்டிசம் வந்ததற்குப் பாசமில்லாத அம்மாதான் காரணம் என்று சில பத்தாண்டுகள் மருத்துவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். 'குளிர்சாதனப் பெட்டி அம்மா' என்று பெயர் வேறு. 1977ல் வெளிவந்த, வெறும் 21 ஜோடி இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஆட்டிசத்தில் மரபுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது. அதுவரை எத்தனை அம்மாக்கள் ராத்திரி தூங்காமல் நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்! பிள்ளையிடம் எது சரியில்லை என்றாலும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் வேலி இருக்கிறது என்பதே சந்தேகம். என் மகன், சின்ன வயதில் நான் கதைப் புத்தகம் எடுத்தாலே எழுந்து ஓடிவிடுவான், மகள் மடியில் ஏறி "இன்னொரு தடவை" என்பாள். ஆக இவளுக்கு நான் படித்துக் காட்டியது பத்து மடங்கு அதிகம். அந்தப் படிப்பு என் வளர்ப்பா, அவளுடைய பிறவி என்னை வேலை வாங்கியதா?

இன்னும் விசித்திரமானது 2018ல் ஐஸ்லாந்து மக்களை வைத்து வந்த ஓர் ஆய்வு. நம் மரபணுவில் பாதிதான் பிள்ளைக்குப் போகிறது, மீதிப் பாதி நம்மோடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் போகாத அந்தப் பாதியைத் தனியாக எடுத்து, அதற்கும் பிள்ளை எவ்வளவு தூரம் படிக்கிறது என்பதற்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள். இருந்தது. பிள்ளைக்குப் போன பாதியின் விளைவில் கிட்டத்தட்ட 30% அளவுக்கு இருந்தது. உடம்புக்குள் போகாத மரபணு எப்படி வேலை செய்யும்? பெற்றவர்களைப் பெற்றவர்களாக ஆக்கி, அந்த வீட்டை அந்த வீடாக ஆக்கி, அந்த வழியாகத்தான் பெரும்பாலும். ஆக என் மகளிடம் இல்லாத என் மரபணுகூட அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் கத்துகிறது. அதை மாமியார் கணக்கில் எழுதுவதா, மனைவி கணக்கில் எழுதுவதா?

ரப்பர் அவள் வரைந்துகொண்டிருந்த நோட்டுக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி வரைய ஆரம்பித்தாள். "கிடைச்சிடுச்சா?" என்று கேட்டேன். நிமிராமலே, "இங்கயேதான் இருந்துச்சு" என்றாள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.