தங்க மை கேட்பவர்கள் முதலில் தாளைக் கேட்கலாம்

திருமண அழைப்பிதழ் அச்சிட வருபவர்கள் மாதிரி ஆல்பத்தில் பளபளக்கும் ஓர் அட்டையைச் சுட்டிக்காட்டி, "இதே தங்க நிறம் வேண்டும்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தாள் எது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. தாளை முடிவு செய்யாமல் தங்க மையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

தங்க மையில் தங்கம் கிடையாது. தாமிரமும் துத்தநாகமும் கலந்த பித்தளையை நுண்ணிய செதில்களாக்கி அதில் சேர்க்கிறார்கள். வெள்ளி மையில் இருப்பவை அலுமினியச் செதில்கள். இவை மைப்படலத்தின் மேல் மட்டமாகப் படிந்தால்தான் ஒளி சிதறாமல் திரும்பி வரும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அது நடக்கிறது. மேல்பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளிலோ கையால் செய்த தாளிலோ மையின் எண்ணெய்ப் பகுதியை நார்கள் உறிஞ்சிக்கொள்ள, செதில்கள் மேடுபள்ளங்களில் கண்டபடி சாய்ந்துவிடுவதால், பொன்னிறத்தை எதிர்பார்த்த இடத்தில் மங்கிய கடுகு நிறமே மிஞ்சும். அந்தத் தாள்தான் வேண்டும் என்பவர்களுக்கு, அடியில் ஒரு மை ஓட்டி, அது காய்ந்தபின் தங்க மையை ஏற்றித் தரலாம், செலவு கூடும்.

செதில்கள் மேலே மிதக்கும் வகை மை நன்றாக மினுங்கும், ஆனால் காய்ந்த பிறகும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். அதன்மேல் லேமினேஷன் போட்டால், பசை மேலடுக்குச் செதில்களை மட்டுமே பற்றுவதால், மடிப்பு விழும் இடத்தில் பிலிம் உரிந்து எழும்பிவிடக்கூடும். கைபட்டுக்கொண்டே இருக்கும் பெட்டிகளுக்கும் லேபிள்களுக்கும், மினுக்கம் சற்றுக் குறைந்தாலும், செதில்கள் மைக்குள் அமிழும் வகையே ஏற்றது.

பித்தளைக்கு இன்னொரு பலவீனம் உண்டு: ஆஃப்செட் அச்சு இயந்திரத்தில் மை படக்கூடாத இடங்களை நனைக்கும் நீர்க்கரைசலில் அமிலம் மிகுந்தால் அது கருத்துப்போகும். அலுமினியம் அவ்வளவு எளிதில் கருப்பதில்லை. அதனால் சிலர் வெள்ளியை முதலில் ஓட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் மஞ்சளை ஏற்றித் தங்க நிறத்தை வரவழைக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழியும் அதுவே, ஏனெனில் மஞ்சளோடு சிறிது மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பைக் கூட்டினால் செம்பு நிறமும் கிடைத்துவிடுகிறது.

வடிவமைப்பவர்கள் கோப்பில் இதை ஸ்பாட் கலராகவே, அதாவது தனி மையில் அச்சாகும் நிறமாகவே வைக்க வேண்டும். நிறங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் வரிசையில் 871 முதல் 876 வரை தங்கம், வெண்கலம், செம்புச் சாயல்கள், 877 வெள்ளி. திரையில் 877 வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற வழக்கமான நான்கு வண்ணத்துக்கு மாற்றிவிட்டால் அச்சிலும் சாம்பல்தான் வரும். சாதாரண டிஜிட்டல் புரூஃபை, அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரிப் படியைக் காட்டி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குவதும் வீண், அதில் உலோகம் தெரியாது. முன்பு அதே தாளில் ஓட்டிய ஒரு ஷீட்டை டியூப் லைட்டின் கீழ் சாய்த்துக் காட்டுவதே நேர்மையான வழி.

மணமக்களின் பெயர் மட்டும் தகதகக்க வேண்டுமென்றால், மையை விட்டுவிட்டு, பளபளக்கும் மெல்லிய படலத்தைச் சூட்டில் அழுத்திப் பதிக்கும் ஃபாயில் போடச் சொல்கிறேன். அட்டை முழுவதும் பரவும் பூவேலைக்கும் மெல்லிய நிழல்களுக்கும் மைதான் சரி.