உறைமோரும் ஒரு மஞ்சள் புள்ளியும்

காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தேன், தயிர் அசையவே இல்லை.

கீழ்வீட்டு அக்கா ஜாம் பாட்டிலில் கொடுத்தனுப்பிய ஒரு கரண்டி உறைமோர், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய பால், அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்கில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, பாலைப் புளிக்கவைக்கிற லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்குப் புது மரபணு கொடுத்தா, எது வாங்கிக்கிச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

ஆய்வகத்தில் வழக்கமாக ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணு ஒன்றையும் சேர்த்து அனுப்பி, மருந்தை ஊற்றி, பிழைத்ததை எடுத்துக்கொள்வார்களாம். ஆனால் உணவில் அது கூடாது. வயிற்றுக்குள் போய் வேறு கிருமிக்கு அந்த மரபணு தாவிவிட்டால், நாளைக்கு நமக்கே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

அதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழிதான் என்னை அடுப்படியிலேயே நிற்கவைத்துவிட்டது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை உள்ளே இழுக்கத் தேவையான லாக்எஃப் என்ற மரபணுவை முதலில் பாக்டீரியாவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் புது மரபணுவோடு சேர்த்து அதையே திருப்பிக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டது மட்டும்தான் லாக்டோஸைத் தின்று நன்றாக வளரும்.

போனில் ஒரு படம் காட்டினாள். பாக்டீரியா வளர்க்கும் ஊதா நிறத் தட்டில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. மரபணுவை வாங்கிக்கொண்ட பாக்டீரியா லாக்டோஸைத் தின்று விட்ட அமிலம்தான் தட்டிலிருந்த ஊதாச் சாயத்தை அங்கே மஞ்சளாக்கியதாம்.

சீஸுக்காகப் பாலைத் திரியவைக்கும் கைமோசின் நொதியை மரபணு மாற்றிய நுண்ணுயிரில் தயாரிக்க அமெரிக்கா 1990-லேயே அனுமதித்தது. ஆனால் அது பிரித்தெடுத்த நொதி, தயிரில் நாம் விழுங்குவது உயிருள்ள கூட்டம். இங்கே இத்தனை கவனம் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

நாளைக்கு உறைக்காக ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் அவளுக்குத் தயிர்சாதம் பிசைந்தேன்.