விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்காதீங்க

பைக் விபத்துன்னா கூட்டம் உடனே செய்யறது மூணு: உட்கார வைக்கிறது, ஹெல்மெட்டை உருவுறது, தண்ணி கொடுக்கிறது. மூணுமே ஆபத்து. கழுத்தில் முறிவு இருந்தா ஒரே அசைவில் தண்டுவடம் நசுங்கி கை கால் விழுந்துடலாம். அரை மயக்கத்தில் குடிக்கிற தண்ணி நுரையீரலுக்குப் போகும்.

ஒருத்தர் பின்னால் வர்ற வண்டிகளை நிறுத்தட்டும். இன்னொருத்தர் பைக் சாவியை அணைக்கட்டும், பெட்ரோல் கசியலாம். ரத்தம் கொட்டினா சுத்தமான துணியை வச்சு உள்ளங்கையால் விடாம அழுத்துங்க. நனைஞ்சா எடுக்காதீங்க, அது மேலேயே அடுத்த துணி. எடுத்தா உறைஞ்ச ரத்தமும் பிய்ஞ்சு வரும். ஹெல்மெட்டைக் கழற்றுறது மூச்சு அடைச்சா மட்டும்தான்; அப்பவும் ஒருத்தர் தாடையையும் கழுத்தையும் அசையாம தாங்கணும், மற்றவர் மெதுவா உருவணும்.

108-ல் ஊர்ப் பெயரோட, கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தத் திசைச் சாலைன்னும் சொல்லுங்க. நாற்கரச் சாலையில் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்தா திரும்பவே நேரம் போயிடும்.

போலீஸ் கேஸ்னு தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவினவரைப் பாதுகாக்குது. பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு, வரம்புக்குட்பட்டு, பணம் கட்ட வேண்டாம்.