மீன்பிடித் தடைக்காலத்துக்கான பணத்தை எந்தப் பத்திரத்தில் போடலாம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு வரும்படி நிற்கிற அந்த நேரத்தில்தான் பெயின்ட், எஞ்சின், வலை என்று செலவு வந்து நிற்கும். ஆகவே எந்த முதலீடானாலும், பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்று முதலில் கேளுங்கள். லாபக் கணக்கு அப்புறம்.

தேதி பார்த்துப் போட ஏற்றது, மத்திய அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் டி-பில் (ட்ரெஷரி பில்) என்ற பத்திரம். 91, 182, 364 நாள் என மூன்று வகை. தனியாக வட்டி வராது. விலையைக் குறைத்து விற்பார்கள், முதிர்வில் முழுத்தொகை கிடைக்கும். 100 ரூபாய் பில்லுக்கு 98.40 ரூபாய் விலை என்றால், 9,840 கட்டி 91 நாளில் 10,000 வாங்கலாம்; ஆண்டுக்குச் சுமார் 6.5 சதவீதம். விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். ஜனவரி நடுவில் வாங்கிய 91 நாள் பில், தடை தொடங்கும் வாக்கில் முதிர்ந்துவிடும்.

ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் இணையதளத்தில் டி-பில்லை நேரடியாக வாங்கலாம்; பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் கட்டணமின்றிக் கணக்குத் திறக்கலாம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய். ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை. அதற்குள் ஆர்டர் போட்டாக வேண்டும். நடுவில் விற்கப் போனால் சிறு தொகைக்கு வாங்க ஆள் கிடைப்பது சிரமம். அவசரப் பணம் லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) இருக்கட்டும். விற்றால் பொதுவாக மறு வேலைநாளில் வங்கிக்கு வந்துவிடும். முதல் ஆறு நாளுக்குள் எடுத்தால் மட்டும் சிறு கட்டணம் உண்டு.

நீண்டகாலப் பாண்டு (கடன் பத்திரம்) அரசுடையதே ஆனாலும் நடுவில் விலை இறங்கும். 7 சதவீத வட்டி தரும் 10 ஆண்டுப் பாண்டை 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். சந்தை வட்டி உடனே 8 சதவீதம் ஆகிவிட்டால், 7 தரும் பாண்டை யாரும் 100 கொடுத்து வாங்கமாட்டார்கள்; அதன் விலை சுமார் 93-க்கு இறங்கும். முதிர்வுவரை வைத்திருப்பவருக்குக் கவலையில்லை, படகு வேலைக்காக விற்பவருக்கு நஷ்டம்.

பங்கை விற்றால் மறு வேலைநாளில் பணம் வரும், என்ன விலைக்கு என்பதுதான் தெரியாது. ஐந்தாறு வருஷம் தேவைப்படாத பணத்தை மட்டும் அதில் போடுங்கள்.

ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிப் போடும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் (பிரீமியம் என்ற தொகை கொடுத்து, பேசிய விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை பெறுவது) பக்கம் தடைக்காலப் பணத்தோடு போகவே வேண்டாம். பங்குச் சந்தைக் குறியீட்டின் மேல் போடும் ஃபியூச்சர்ஸ் ஒரு லாட் (வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு) 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ஜின் (பிணைத்தொகை) 1,80,000 கட்டி வாங்கியிருக்கையில் சந்தை 2 சதவீதம் இறங்கினால் 30,000 போய்விடும். அன்றன்றே கணக்குத் தீர்ப்பதால் குறைந்த மார்ஜினை உடனே நிரப்ப வேண்டும். இல்லையென்றால் புரோக்கரே விற்று முடித்துவிடுவார். ஆப்ஷன் வாங்கியவருக்கு நஷ்டம் பிரீமியத்தோடு நிற்கும், ஆனால் சந்தை அசையாமல் இருந்தாலும் நாள் போகப்போக அதன் மதிப்பு கரையும். விற்றவருக்கோ நஷ்டம் பிரீமியத்தைப்போல் பல மடங்கு ஆகலாம். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது.

கீழக்கரை, தொண்டியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கவனிக்க: பழைய உள்ளூர்க் கணக்கிலேயே பங்கு வாங்கிக்கொண்டிருப்பது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிக்கு மாறானது. சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) ஆக மாற்றுங்கள், புரோக்கரிடம் சொல்லி டீமேட்டையும் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) மாற்றுங்கள். நாமினி பெயரை அப்போதே பதிந்துவிடுங்கள்.